கிராணி வீட்டு முதலை

"இந்தத் தரம் ஏரியை அந்தக் கரை மட்டும் நீந்திக் காட்டுவன். எல்லாரும் வடிவாப் பாருங்கோ!"

மாட்டு வண்டியை விட்டுப் பெரிய கிராணி சபாரத்தினம் இப்படிச் சொல்லிக்கொண்டுதான் இறங்குவார். பெம்பான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஆபீஸ் வேலையெல்லாம் அவர் பொறுப்பு. பருவத்துக்கு ஒரு தடவை, பெண்சாதி யோகத்தையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தோட்டத்துக் கோடியில் இருக்கும் ஏரிக்கு வந்துவிடுவார்.

கப்பலேறி இங்கே வருமுன், யாழ்ப்பாணத்தில் இருந்தபோது பண்ணைக் கடலையே நீந்திக் கடந்தவராம். சாட்சி? அவரேதான்.

மழைக்காலத்தில் வந்தார்கள். ஏரி கரை முட்ட நிறைந்து கிடந்தது. சட்டைப் பொத்தானில் பாதிகூடக் கழற்றியிருக்க மாட்டார். ஏரிக் காவல்காரன் வீரப்பன் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

"ஐயா, எறங்காதீங்க! முதல கெடக்கு! அந்தா, கட்ட மாதிரி மெதக்குது பாருங்க!"

கட்டை மாதிரிதான் இருந்தது. கட்டையேதானா என்று யார் கிட்டே போய்ப் பார்ப்பது?

யோகத்துக்கு வந்ததே கோபம்! "உனக்கு வேறை வேலை இல்லையோ? அவர் ஆசையா நீந்த வந்தால், உடனை முதலை எண்டு கத்திக்கொண்டு வாறாய்!"

"விடும், யோகம். அவன் தன்ர வேலையைச் செய்யிறான்," என்று சபாரத்தினம் பெருந்தன்மையோடு பொத்தானை மறுபடி மாட்டிக்கொண்டார்.

ரப்பர் மரம் இலை கொட்டும் காலத்தில் திரும்ப வந்தார்கள். தண்ணீரே தெரியாமல் இலை மூடிக் கிடந்தது.

"எலைக்கு அடியில படுத்திருக்குங்கய்யா. தலயக் காட்டாது, கால மட்டும் புடிக்கும்," என்றான் வீரப்பன்.

யோகம் அன்றைக்கும் அவனை வாங்கு வாங்கென்று வாங்கினாள். சபாரத்தினம் அன்றைக்கும் மன்னித்தார். இடியப்பத்தையும் சம்பலையும் கரையிலேயே தின்று முடித்து வண்டி ஏறினார்கள்.

புல் அறுக்க வந்த மீனம்மா, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் போய்ச் சொன்னாள்: "கிராணி ஐயா தங்கமான மனுஷன்லா. அந்தம்மாவுக்குத்தான் வாய் ஆகாது. வீரப்பனப் போட்டு அந்த ஏச்சு ஏசுது, பாவம்!"

லயமே ஆமாம் போட்டது.

டுரியான் பழம் விழும் காலத்தில் மூன்றாம் முறையாக வந்தார்கள். அன்று வீரப்பனைக் காணவில்லை.

"அப்பா, முதலைக்காரன் இல்லை! இண்டைக்கு நீந்துங்கோ!" என்று மூத்தவள் சந்திரா குதித்தாள்.

சபாரத்தினம் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். "காவல்காரன் வரட்டும் பிள்ளை. ஒரு ஒழுங்கு எண்டு இருக்குத்தானே?"

"அப்பாக்குப் பயமோ?" என்று கேட்டது கடைக்குட்டி.

போதாதா? சட்டையைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டினார். கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று இறங்கினார். வாய் மட்டும் நல்லூர்க் கந்தனை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். யோகம் புருஷனைப் பார்க்கவில்லை, ஒற்றையடிப் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"முதல! முதல! டுரியான் வாசத்துக்கு மேல வந்துருச்சு!"

கையில் ஒரு டுரியானோடு வீரப்பன் தலைதெறிக்க ஓடி வந்தான்.

சபாரத்தினம் கரையேறிய வேகம் இருக்கிறதே, அந்த வேகத்துக்குப் பண்ணைக் கடல் போதாது.

"எங்கை போய்த் துலைஞ்சனி?" யோகத்தின் குரலில் மாடே மிரண்டது. "வா இஞ்சாலை! இண்டைக்கு உன்னை விடமாட்டன்!"

வீரப்பன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவள் பின்னால் வண்டி மறைவுக்குப் போனான்.

அங்கே போனதும் யோகத்தின் குரல் இறங்கிவிட்டது.

"ஏன் இவ்வளவு பிந்தினனி? மனுசன் இடுப்பளவு இறங்கிட்டார். எனக்கு உயிர் போய் வந்திட்டுது!"

"டுரியான் பொறுக்கப் போனதுல நேரமாயிருச்சும்மா. மன்னிச்சிருங்க." வீரப்பன் தலையைச் சொறிந்தான். "நீச்சல் தெரியாதுங்கறத ஐயாவே சொல்லிட்டா என்னம்மா? எனக்கும் ஏச்சு மிச்சமாகும்ல?"

"நான் ஏசாட்டி, எனக்கு விசயம் தெரியும் எண்டு அவர் கண்டுபிடிச்சிடுவார். அங்கை கேட்டுப் பார்."

கரையில் சந்திராவின் குரல் கேட்டது. "முதலை கிடக்கிற தண்ணியிலை இடுப்பளவு இறங்கினீங்களே அப்பா! ஒருத்தற்றை அப்பாவும் இறங்கமாட்டார்!"

"முதலை குறுக்கை வந்திட்டுது பிள்ளை. இல்லாட்டி இந்நேரம் அக்கரையிலை நிண்டு உங்களைக் கூப்பிட்டிருப்பன்," என்றார் சபாரத்தினம்.

யோகம் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவம், இந்த ஒரு பெருமைதான் அவருக்கு இருக்கு. அதையும் நான் பறிக்கிறதோ?"

இடியப்பப் பெட்டியை அப்படியே வீரப்பன் கையில் கொடுத்துவிட்டு, வண்டியைச் சுற்றி இரண்டு அடி போனவள் திரும்பி வந்தாள்.

"சொல்ல மறந்திட்டன். தீபாவளிக்கு என்ர தமையன் வாறார். அவர் உண்மையாவே நீந்துறவர்."

"அதுக்கென்னம்மா?"

"அவருக்கு ஒண்டு காணாது. ரெண்டு முதலை விடு."