குறட்டை மெஷின்

“தொண்ணூறு நாள்ல ஒரு ராத்திரிகூட விடல. உங்கள மாதிரி ஒழுங்கா மாட்டுறவங்கள நான் பார்த்ததே இல்ல” என்றார் டாக்டர் தேவிப்ரியா. ராத்திரி மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்கும் குறட்டை மெஷினிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த, தினசரிக் கணக்குப் பதிவாகும் சின்ன அட்டையை அவர் கணினியில் செருகியிருந்தார்.

கண்ணாயிரம் பெருமையாக மீசையைத் தடவிக்கொண்டார். நூற்றுப் பதினெட்டுக் கிலோ உடம்பு. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்ததில் பகலெல்லாம் அசதி. ஐப்பசியில் கரும்பு டிராக்டரை ஓட்டியபடியே கண்ணயர்ந்து, வாய்க்காலில் இறக்கிவிட்டார். அன்றோடு வண்டி ஓட்டத் தடை போட்டுவிட்டார் டாக்டர்.

“அப்ப டிராக்டர் எடுக்கலாங்களா? வெட்டு ஆரம்பிச்சிட்டாங்க. வண்டி சும்மா நின்னுக்கினு இருக்கு.”

“அதான் கொழப்பமா இருக்கு. இந்த மெஷினால வெயிட் தானா கொறையாது, சிலருக்கு கொஞ்சம் ஏறவும் செய்யும். ஆனா பிரஷர் எறங்கணும், சர்க்கரையும் கொஞ்சம் கட்டுப்படணும். உங்களுக்கு ரெண்டும் இருந்த எடத்துலயே நிக்குதே!”

“பஸ் ஸ்டாண்டு போண்டா எறங்க வுடுமா?” என்று முந்திக்கொண்டாள் மனைவி ராஜாம்பாள். அவளும் உடம்பில் அவருக்குச் சளைத்தவள் இல்லை. “ஆனா நல்ல மெஷினும்மா. அது வந்தப்புறம் எனக்கே காலையில தலவலி வர்றதில்ல.”

“குறட்டைச் சத்தம் இல்லாம நீங்களும் தூங்குறீங்க” என்று சிரித்த டாக்டர், மறுபடி கணினியைப் பார்த்தார். “டிசம்பர் மொத வாரம்கூட தினம் எட்டு மணி நேரம். அப்ப ஊரெல்லாம் மறியலாச்சே, கரண்ட் ஒழுங்கா இருந்துதா?”

“இன்னாத்த கண்டேன்? இடஒதுக்கீடு போராட்டத்துக்கு மெட்ராஸ் போனவன் நாலு நாள் கழிச்சுதான் வூடு வந்தேன். ரோட்டோரம் துண்ட விரிச்சிப் படுத்து...”

கண்ணாயிரம் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப அந்த நாலு நாளும் வீட்டுல மெஷின மாட்டுனது யாரு?”

“மாட்டுக்கு வாய்ப்பூட்டு போட்டாப்புல இருந்துதும்மா. மொத நாளே கழட்டிக் கடாசிட்டேன்” என்று தலையைக் குனிந்துகொண்டார் கண்ணாயிரம்.

ராஜாம்பாள் நாற்காலியை டாக்டர் பக்கம் இழுத்துப் போட்டாள். ரவிக்கைக் கையை மேலே தள்ளிவிட்டுக் கையை நீட்டினாள்.

“எறங்குன பிரஷர் எங்கிட்ட இருக்கும், பாருங்கம்மா!”