பக்கத்து சீட்

"அக்கா, இந்த சார் தூங்குறாரு" என்றாள் பின் சீட்டிலிருந்த தங்கச்சி.

வேனக்கா ஓரக்கண்ணால் பார்த்தாள். நிஜம்தான். பக்கத்து சீட்டில் மனநல ஆலோசகர் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, தலையைப் பின்னால் சாய்த்திருந்தார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கே ஸ்டியரிங்கைப் பிடித்த கை வெடவெடவென்று நடுங்குகிறது. தைரியம் சொல்ல வந்த மனுஷன் குறட்டை விடாததுதான் பாக்கி.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள் அவள். பிள்ளைகள் 'வேனக்கா' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, தெருவுக்கே அதுதான் பேர். லீவு விடுவதற்கு முன்னால், பாலத்தில் குறுக்கே ஓடிய நாய்க்காக ஸ்டியரிங்கை ஒடித்ததில் வேன் கைப்பிடிச் சுவரில் மோதிவிட்டது. ஒரு பிள்ளைக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து சாவியைத் தொட்டாலே அவளுக்குக் கை உதறும். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. அன்றைக்கும் வரவில்லை என்றால் வேறு டிரைவர்தான் என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்.

முதலில் இந்த ஆலோசகரின் கிளினிக்கிலேயே இருக்கும் ஒரு மேடத்திடம் போனாள். அந்த அம்மா வாயே திறக்கமாட்டார். "ம், சொல்லுங்க" என்பதோடு சரி. இவள் அழுவாள், மூக்கைச் சிந்துவாள், மனசு லேசாகும். வீட்டுக்கு வந்து சாவியை எடுத்தால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

அதனால் அடுத்த அறையிலிருந்த இந்த சாரிடம் மாறினாள். அவர் ரகமே வேறு. "பேசினது போதும்மா. பயத்தை நேருக்கு நேர் பாருங்க" என்பார். முதலில் நிற்கிற வேனில் சும்மா உட்காரச் சொன்னார். அப்புறம் காலி மைதானத்தில், தான் ஓரமாக நின்றுகொண்டு, சுற்றிச் சுற்றி ஓட்டச் சொன்னார்.

இன்றைக்குப் பாலம்.

"நீங்க பக்கத்துல உட்கார்ந்தாத்தான் வருவேன்" என்று அவள் ஒரே பிடிவாதம். மனுஷன் ரொம்ப யோசித்துவிட்டுத்தான் ஏறினார். ஏறினதும் தூக்கம்.

"சார், பாலம் வருது."

"ம். போங்க."

"கண்ணைத் திறந்து பாருங்க சார். எனக்கு கை நடுங்குது."

"நடுங்கட்டும். போங்க."

"இதைச் சொல்லத்தான் கூட வந்தீங்களா?"

அவர் கண்ணைத் திறக்காமலே தலையை மறுபக்கம் சாய்த்துக்கொண்டார்.

"அந்த மேடமாவது முழிச்சிக்கிட்டு ம் கொட்டினாங்க" என்று தங்கச்சி எடுத்துக் கொடுத்தாள். "இவரு அதுக்கும் சோம்பேறி."

வந்த ஆத்திரத்தில் வேனக்கா கியரை மாற்றி ஒரு மிதி மிதித்தாள். வேன் பாலத்தில் ஏறியது. எதிரே ஒரு லாரி ஹாரனை அலறவிட்டுக்கொண்டு நடுரோட்டில் வந்தது.

"ஒதுங்குடா, உங்கப்பன் வீட்டு ரோடா இது" என்று அவள் போட்ட சத்தத்தில் லாரி ஒதுங்கிப் போனது. சுவரில் மோதிய இடம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. அவ்வளவு கோபம் அவளுக்கு.

"அக்கா, தாண்டிட்டே" என்று தங்கச்சி கத்தினாள். "பாலத்தைத் தாண்டிட்டேக்கா!"

அப்போதுதான் உறைத்தது. கையைப் பார்த்தாள். நடுக்கம் போன இடம் தெரியவில்லை. அவளுக்கு ஒரே குஷி. அடுத்த முக்கிலேயே வேனைத் திருப்பி, பாட்டு முணுமுணுத்துக்கொண்டே அதே பாலத்தில் திரும்பி வந்தாள். விட்டிருந்தால் ஊரையே ஒரு ரவுண்டு வந்திருப்பாள்.

கிளினிக் வாசலில் நிறுத்தியதும் பக்கத்து சீட்டைப் பார்த்துத் திரும்பினாள்.

"திங்கட்கிழமை நான்தான் ஓட்டப்போறேன். ஆனா உங்களால இல்ல சார். நீங்க சுகமா தூங்கிட்டு வந்தீங்க. இதை அந்த மேடம்கிட்டயே சொல்லத்தான் போறேன்."

சொல்லி வாய் மூடவில்லை, மேடமே படியிறங்கி வந்தார். வேனுக்குள் இருந்த ஆலோசகரைப் பார்த்தவர் செருப்பு நழுவ ஓடி வந்தார்.

"நீங்களா? வண்டியிலயா?"

வாய் திறக்காத அந்த அம்மாவின் குரல் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஆலோசகர் கண்ணைத் திறந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. பெல்ட்டை அவிழ்க்க விரல் வளையவில்லை. தங்கச்சிதான் எக்கி அவிழ்த்துவிட்டாள்.

"பரவாயில்ல மேடம், நானே சொல்லிடுறேன்" என்றார். "ஒரு விபத்துக்கு அப்புறம் நான் எந்த வண்டியிலயும் ஏறினதில்லம்மா. ஊருக்கெல்லாம் பயத்தை நேருக்கு நேர் பாருங்கன்னு சொல்லிட்டு, நான் மட்டும் நடந்தே வேலைக்கு வருவேன். வாரா வாரம் இந்த மேடம் முன்னாடி உட்கார்ந்து அழுதுட்டுப் போவேன்."

வேனக்கா இஞ்சினை அணைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நீங்க தூங்கலையா சார்?"

"கண்ணைத் திறந்தா கத்திடுவேன்மா. நான் ஒரு தடவை கத்தியிருந்தா, நீங்க அப்புறம் ஸ்டியரிங்கைத் தொட்டிருப்பீங்களா?"