முன்னால் போன வண்டி

முன்னால் போகும் வண்டிக்கு ஏற்பத் தானாக வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவியைப் போன வாரம்தான் சானு அண்ணன் தன் மின்சாரக் காரில் பொருத்தினார். அன்று முதல் எங்கள் ஊர் கொல்லயிலின் ஆளில்லாத நேர்சாலையில் கார் மணிக்குப் பதினான்கு கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிறது. முன்னால் ஒரு வண்டி போவதாகத் திரை காட்டுகிறது. சாலையில் ஒன்றுமில்லை.

உதியன்குளங்கரை மெக்கானிக் ஜெயன் இரண்டு முறை சோதித்தார். "இதுல ஒரு கொழப்பமும் இல்ல மக்கா. முன்ன ஒரு வண்டி போவுதாக்கும்," என்றார். அதன்பின் கருவியை அணைத்துவிட்டு ஆக்சிலரேட்டரை மிதிக்க அண்ணனுக்குத் துணிவு வரவில்லை.

தினமும் அந்தக் காரில் போகும் ஷாலு அக்கா இரண்டு நாள் வேலைக்குப் பிந்தினாள். இன்றும் பிந்தினால் வேலை போய்விடும். நாங்கள் மூவரும் ஏறிய கார் மறுபடியும் பதினான்குக்கு இறங்கியது.

"அண்ணே, இதுக்கு நான் நடந்தே போவேன்!" என்றாள் அக்கா.

"நடந்து பாரு. நெய்யாற்றின்கரை எத்தும்போ சாயங்காலம் ஆவும்." பல்லைக் கடித்தபடி அண்ணன் கருவியை அணைத்து மிதித்தார்.

அணைத்த பிறகும் திரையில் இடைவெளி பத்து மீட்டர், ஐந்து, ஒன்று, பூஜ்யம் என்று குறைந்தது. கார் எதிலும் மோதவில்லை. திரையிலிருந்த வண்டியும் மறைந்தது.

அக்கா சிரித்தாள். அப்போது பெல்ட் போடச் சொல்லிக் கார் அலறத் தொடங்கியது. முன்னால் இருவரும் போட்டிருந்தார்கள். பின்னால் நானும் போட்டிருந்தேன். என் பக்கத்துக் காலி இருக்கைதான் திரையில் சிவப்பாக மின்னியது.

"சத்தம் தாங்கல மக்கா, அதையும் இழுத்து மாட்டிவிடு," என்றார் அண்ணன்.

மாட்டினேன். சத்தம் நின்றது. அக்கா பத்து நிமிடம் முன்பாகவே வேலைக்கு இறங்கி ஓடினாள்.

காலி இருக்கையில் பெல்ட் தட்டையாகப் படியவில்லை. ஒரு சாண் தள்ளி வளைந்து நின்று, மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.