பேச்சுத் துணை

"முட்டி வீக்கம் பாதியாக் குறைஞ்சிருக்கே! முகத்துலயும் களை வந்திருக்கு. நான் சொன்ன மாதிரி பேச்சுத் துணைக்கு ஆள் பிடிச்சிட்டீங்களா?" டாக்டர் கேட்டார்.

மனைவி இறந்தபின் தனியாக இருந்த அந்த ஓய்வுபெற்ற லைன்மேன், போன மாதம் எதிலும் பிடிப்பில்லாமல் வந்து உட்கார்ந்திருந்தார். "உடம்புல அழற்சி, மனசுல சோர்வு. ரெண்டையும் தனிமை ஊதி விடுது. மாத்திரையோட மனுஷங்களும் வேணும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார் டாக்டர்.

"மாடி வீட்டுக்காரர் கிடைச்சார் டாக்டர். தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம். எப்போடா ஆறு மணி ஆகும்னு இருக்கு. இப்பக்கூட வெளியில உட்கார்ந்திருக்கார்."

நெகிழ்ந்துபோன டாக்டர் வெளியே வந்து மாடி வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். "இவர் தேறினதுக்கு உங்க சிநேகமும் ஒரு காரணம் சார்."

"சிநேகமா? என் பால்கனிக் குழாய் அவர் துணி மேல சொட்டுதுன்னு ஒரு மாசமா மல்லுக்கு நிக்கிறார்! இன்னைக்குப் பாதிச் சண்டையில கிளம்பிட்டார். விடுவேனா? பின்னாலேயே வந்துட்டேன்."

திகைத்த டாக்டர், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "தயவுசெஞ்சு அந்தக் குழாயைச் சரி பண்ணிடாதீங்க."

"பண்ணுவேனா டாக்டர்? பொண்ணு கல்யாணமாகிப் போனதுலேர்ந்து என்கிட்ட யாரு இவ்வளவு நேரம் பேசினாங்க?"