முதலில் சரிந்த கூம்பு

ஒரே பாறையிலிருந்து பெயர்த்த மூன்று கற்கள் பீங்கான் ஆலைக்கு வந்து சேர்ந்தன. மினுக்கும் காக்காப்பொன், இரும்பையே கீறிவிடும் வெங்கச்சங்கல், சாயம் போன துணி மாதிரி வெளிறிய பெல்ஸ்பார்.

பரிசோதகர் மங்கையர்க்கரசி மூன்றையும் தனித்தனியாக அரைத்து, விரலளவு கூம்புகளாகப் பிடித்து, ஒரே தட்டில் நிறுத்திச் சூளைக்குள் தள்ளினார்.

"யாரு கடைசிவரைக்கும் நிக்கிறாங்களோ அவங்களுக்குத்தான் இங்க வேலை, தம்பி," என்றது வெங்கச்சங்கல் பெல்ஸ்பாரிடம், எல்லாம் தெரிந்ததுபோல.

பெல்ஸ்பார் பல்லைக் கடித்துக்கொண்டு நின்று பார்த்தது. வெக்கை ஏற ஏற முனை வளைந்தது, தோள் சரிந்தது, கடைசியில் தட்டோடு தட்டாக வழிந்தேவிட்டது.

"அட, அதுக்குள்ளயா!" என்று காக்காப்பொன் சிரித்தது. வெங்கச்சங்கல் அசையவே இல்லை.

சூளை ஆறியதும் மங்கையர்க்கரசி தட்டை வெளிச்சத்தில் பிடித்தார். காக்காப்பொன் அடுப்புக்கரியாய்க் கறுத்திருந்தது. விரல் பட்டதும் வெங்கச்சங்கல் பொலபொலவென்று உதிர்ந்தது. பெல்ஸ்பார் மட்டும் ஒரு புள்ளிகூட இல்லாமல், பால்போல் வெளுத்து, கண்ணாடியாகப் பளபளத்தது.

"அடி சக்கை! இதுக்குத்தானே இத்தனை நாளா அலைஞ்சேன்! இப்படி உருகுற கல்லுதான் மண்ணை இறுக்கிப் பிடிக்கும். லாரியை அனுப்பச் சொல்லுங்க!" என்று அவர் கூவியதில் ஆலையே திரும்பிப் பார்த்தது.

அடுத்த முறை சூளைக்குள் போனது ஒரு தேநீர்க் கோப்பை. களிமண்ணோடும் பெல்ஸ்பாரோடும் வெங்கச்சங்கல் பொடியும் அதில் கலந்திருந்தது. சூடு ஏறத் தொடங்கியதும் வெங்கச்சங்கல் பெல்ஸ்பாரிடம் மெல்லக் கேட்டது:

"அண்ணே, கொஞ்சம் சீக்கிரம் உருகுங்களேன். நான் உதிர்ந்துடப்போறேன்."