ஆடு தின்ற செருப்பு

"ஓகாத் வரட்டும், இன்னிக்கு அவனை ஒரு வழி பண்ணிடறேன்!"

கிணற்றை மூடியிருந்த கல்லின் மேல் உட்கார்ந்து கத்தினான் பேலேகு.

கத்தாமல் என்ன செய்வான்? அந்தக் கல்லைப் புரட்ட ஏழு பேர் வேண்டும். ஆறு மேய்ப்பர்கள் தயார். வெயில் மண்டையைப் பிளக்கிறது, ஆடுகள் தாகத்தில் கத்துகின்றன. ஏழாவது ஆளைத்தான் காணோம்.

"நாமளே தள்ளிப் பார்ப்போமா?" என்றான் ஏசேர்.

தள்ளினார்கள். கல் அசையவில்லை. ஏசேரின் இடுப்புத் துணிதான் அவிழ்ந்தது.

ஒருவழியாக ஓகாத் வந்தான், ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டு.

"மன்னிச்சுக்குங்கண்ணே. இன்னொரு செருப்பை ஆடு தின்னுடுச்சு."

"நேத்து என்னடா சொன்னே?"

"மாமியார் கூடாரக் கயித்துல சிக்கிக்கிட்டாங்க."

"அதுக்கு முந்தின நாள்?"

"கடா கோவிச்சுக்கிட்டு உட்கார்ந்திடுச்சுண்ணே. சமாதானம் பண்ணித்தான் கிளப்பினேன்."

எல்லோரும் சிரித்தார்கள். பேலேகு சிரிக்கவில்லை.

கல்லைப் புரட்டினார்கள். ஆடுகள் குடித்துக்கொண்டிருக்கும்போதே, மூச்சு வாங்கியபடி தன் ஆடுகளோடு வந்து சேர்ந்தாள் திம்னா. நிறைமாத வயிறு. புருஷன் கழுதையிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டதால், மேய்ப்பு அவள் தலையில்.

"அப்பாடா, இன்னும் மூடலையா? இன்னிக்கும் எனக்கு அதிர்ஷ்டம்தான்!"

"அதிர்ஷ்டம்தாம்மா. ஆனா அன்னிக்கே சொல்லிட்டேன். நீ ஆடி அசைஞ்சு வர்ற வரைக்கும் கிணறு காத்திருக்காது. ஒரு தடவை மூடினா மறுநாள்தான்" என்றான் பேலேகு.

தாமதத்துக்குத் தண்டனையாக ஓகாத்தின் ஆடுகள் கடைசியில் விடப்பட்டன. சேறுதான் மிச்சம்.

"நாளைக்கும் தாமசமா வந்தே, உனக்கு இந்தக் கிணத்துல பங்கே கிடையாது. வேற ஆளைச் சேர்த்துக்குவோம். என் தகப்பனோட தேவன் மேல ஆணை!"

ஓகாத்தின் முகம் வெளுத்துவிட்டது. அடுத்த கிணறு இரண்டு நாள் நடை. பாதி ஆடு வழியிலேயே செத்துவிடும்.

"சரிண்ணே" என்றான்.

மறுநாள் மேய்ப்பர்கள் வந்தபோது, கல்லின் மேல் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் ஓகாத்!

பேலேகு மீசையைத் தடவிக்கொண்டான்.

"பார்த்தீங்களாடா? ஒரு அதட்டல் போட்டேன், பய முதல் ஆளா வந்துட்டான்!"

"அதட்டலுக்கு இல்லண்ணே. திம்னாவுக்கு ராத்திரி பொண்ணு பொறந்திருக்கு. இனிமே அவ தம்பிதான் ஆடு ஓட்டறான். ஆட்டை விட வேகமா ஓடறான். அப்புறம் நான் எதுக்குத் தாமசமா வரணும்?"

"பொறக்கலேன்னா?"

"இன்னிக்கு ஒட்டகம் என் தடியை முழுங்கியிருக்கும்."

பேலேகு வெட்கத்தில் தலை குனிந்தான்.

ஓகாத்தின் காலில், ஆடு தின்ற செருப்பு வார்கூட அறுபடாமல் இருந்தது.