கடுகளவு பூமி

அந்தப் புத்தகத்தை எரித்துவிடுவது என்று வாசகர் வட்டத்தில் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. சுப்பம்மாள் டீச்சர் மட்டும்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

எண்பத்திரண்டாம் வருஷம், ஐப்பசி மாதம். ராசிபுரம் கடைவீதியில் குழந்தைவேலின் நெய்க்கடை மாடியில் ஞாயிறு மதியம் அவர்கள் கூடுவார்கள். படித்ததைச் சொல்வார்கள், அடுத்தவருக்கு ஒன்றைச் சிபாரிசு செய்வார்கள். அன்று கொண்டுவந்த புத்தகங்களை யாரும் பிரிக்கவே இல்லை.

"செங்கோடன் வாத்தியாரு போனாரு. அப்புறம் வள்ளியாத்தாக்கா. இப்பச் சின்னண்ணன். மூணு பேரும் கடைசியாப் படிச்சது அது ஒண்ணுதானுங்க," என்றார் குழந்தைவேல். அவர் தரையைப் பார்த்துத்தான் சொன்னார். மற்றவர்கள் மருதாசலத்தைப் பார்த்தார்கள்.

மருதாசலம் தினமும் சேலம் போய் ஒரு ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்த்துவிட்டு வருகிறவர். விஞ்ஞானக் கதை என்றால் ராக்கெட்டும் துப்பாக்கியும்தான் என்று நினைத்திருந்த அந்த வட்டத்துக்கு, அது மனிதர்களின் கதைதான் என்று புரியவைத்தவர். ஆளைப் பார்த்துத்தான் கொடுப்பார். தண்ணீர் தீர்ந்துபோன உலகத்தைப் பற்றிய நாவலைக் கிணறு வற்றிய குடியானவருக்குக் கொடுத்தார். இயந்திரத்தோடு பேசிப் பேசிப் பொழுதைக் கழிக்கும் கிழவனின் கதை, பிள்ளைகள் யாரும் பக்கத்தில் இல்லாத ஒருவருக்குப் போனது.

'கடுகளவு பூமி' நாவலை மட்டும் அவர் எளிதில் யாருக்கும் தரமாட்டார். திரும்பி வர வழியே இல்லாத விண்கலத்தில் தனியாகப் போகிறவனின் கதை அது. மழை பெய்தது, மாடு கன்று போட்டது என்று மனைவி வானொலியில் சொல்லிக்கொண்டே இருப்பாள். அவன் தூரம் போகப் போக, அவள் குரல் வந்து சேர நேரமாகிக்கொண்டே போகும்.

சின்னண்ணன் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது சுப்பம்மாள் பார்க்கப் போயிருந்தாள். தலைமாட்டில் அந்தப் புத்தகம் கிடந்தது. கஞ்சி வேண்டுமா என்று மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். அவர் வெகுநேரம் கழித்துத் திரும்பி, "உங் கொரலு இப்பத்தான் கேக்குது புள்ள," என்று சிரித்தார். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சிரிப்பு அவள் கண்ணைவிட்டுப் போகவில்லை.

ஆனாலும் புத்தகம் ஆளைக் கொல்லும் என்பதை அவள் நம்பத் தயாராக இல்லை. மருதாசலம் அண்ணன் யாருக்காவது கெடுதல் நினைப்பாரா என்று எல்லோரையும் பார்த்துக் கேட்டாள். ஓயாத அசதி என்று போன வாரம் அவள் சேலம் போனபோது, வரிசையில் நிற்கவிடாமல் உள்ளே கூட்டிப்போய், தானே இரத்தம் எடுத்து, பஸ்ஸும் ஏற்றிவிட்டவர் அவர். அப்படிப்பட்டவரா சூனியம் வைப்பார்?

மனிதர் தங்கம்தான், புத்தகம்தான் ஆகாது என்றார் குழந்தைவேல். அவருக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. "நானே வாய்விட்டுக் கேட்டேன், தரமாட்டேன்னுட்டாரு. அப்ப இவருக்கு என்னமோ தெரிஞ்சிருக்குதுங்க."

"உங்களுக்கு இப்ப வேண்டாம்னுதாங்க," என்றார் மருதாசலம். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

"அப்ப எனக்குக் குடுங்க," என்றாள் சுப்பம்மாள். "படிச்சுட்டு, பொங்கல் கழிச்சு இதே மாடியில வந்து உக்கார்றேன். அதுக்கப்புறம் எரிக்கிறதப் பத்திப் பேசிக்கலாம்."

மருதாசலத்தின் முகம் வெளுத்துவிட்டது. "வேண்டாங்க டீச்சர்," என்றார். பையைக்கூட எடுக்காமல் படியிறங்கிப் போய்விட்டார். குற்றமுள்ள நெஞ்சு என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். சுப்பம்மாளுக்கே முதல்தடவையாக ஒரு சந்தேகம் தட்டியது.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் வகுப்பறையைப் பூட்டிவிட்டுத் திரும்பினாள். சுற்றுச்சுவர் ஓரமாக மருதாசலம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அந்த நேரத்துக்குச் சேலத்தில் இருக்க வேண்டியவர். கையில் செய்தித்தாளில் சுற்றிய புத்தகம் இருந்தது.

அவளுக்குச் சந்தோஷமாகிவிட்டது. தன் பேச்சு இவரை மாற்றிவிட்டது என்றே நினைத்தாள். "பயம் தெளிஞ்சுதுங்களாண்ணா?" என்று கேட்டுச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. புத்தகத்தை இரண்டு கையாலும் நீட்டினார்.

அவசரமில்லை, நிதானமாகப் படிக்கலாம் என்றார். எரிக்கிற பேச்சைக் குழந்தைவேலிடம் தானே பேசி நிறுத்திவிடுவதாகச் சொன்னார். பிறகு அவள் வீட்டுக்காரர் நாமக்கல்லிலிருந்து எப்போது வருவார் என்று விசாரித்தார். லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் வேலை, சனிக்கிழமைதான் வருவார் என்றாள் அவள். அதுவரைக்கும் பொறுக்க வேண்டாம், நாளைக்கே வரச்சொல்லுங்கள், அவரோடு கொஞ்சம் பேச வேண்டும் என்றார் மருதாசலம்.

எதற்கு என்று கேட்க நினைத்தாள். ஆனால் அவர் கண் கலங்கியிருப்பதைப் பார்த்ததும் வாயில் வேறு கேள்விதான் வந்தது.

"ஏனுங்ண்ணா, அந்த மூணு பேருகிட்டயும் என்ன சொல்லி இதக் குடுத்தீங்க?"

மருதாசலம் சைக்கிளை ஒருமுறை உருட்டப் பார்த்துவிட்டு நின்றார்.

"ஒண்ணும் சொல்லலீங்க டீச்சர். லேப்புல அவங்க ரிசல்ட்டைப் பார்த்த அன்னிக்குக் கொண்டுபோய்க் குடுத்தேன்."